மீன் தொட்டிக்குள் நின்ற பெண்

“பேய்க்குக் கால் கிடையாதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். இதுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே கிடையாது, ஆச்சி,” என்றான் பக்கிரிசாமி.

மிச்சம் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று தாளைத் திருப்பியும் பார்த்தான். இல்லை.

உமையாள் அதை அவன் கையிலிருந்து வாங்கி மேசை விளக்கின் கீழ் வைத்தார். கணினியில் அச்செடுத்த படம். ஒரு நீளமான மீன் தொட்டி. மீன்கள் எல்லாம் கலங்கிப்போய், ஆரஞ்சு நிறக் கீறல்களாகத் தெரிந்தன. அவற்றின் நடுவில், தண்ணீருக்குள்ளேயே நிற்பது போல ஒரு பெண் நின்றாள். மஞ்சள் சேலை, அரக்குக் கரை. அவள் மட்டும் கலங்கவில்லை. கண்கள் நேராகப் பார்த்தன. இடுப்புக்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில் உமையாளின் துப்பறியும் அலுவலகம். பக்கிரி அவருடைய உதவியாள். கீழே ரசம் கொதிக்கும் வாசனை ஏறி வந்துகொண்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லையோ, பயம்தானோ, கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பெயர் சந்திரகலா. கோலாலம்பூரில் ஒரு வங்கியில் வேலை.

“நான் கட்டிக்கப் போறவர் பேர் வாசு, ஆன்டி. கம்பெனிகளுக்கு வெப்சைட் செஞ்சு கொடுக்கறவர். எங்க கல்யாணத்துக்கும் ஒண்ணு செஞ்சிருக்காரு. திறந்தா நாதஸ்வரம் வாசிக்கும், குத்துவிளக்கு எரியும், எத்தனை பேர் வந்து பார்த்தாங்கன்னு நம்பர் ஓடும்.”

“தமிழ்ல இருக்குமா?” என்றான் பக்கிரி.

“இருக்கும். தமிழ் எழுத்தை முதல்ல அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இறக்கிக்கணும். இல்லைன்னா எல்லாம் கோழி கிறுக்கின மாதிரி தெரியும்.”

“அப்ப பாதி சொந்தக்காரங்களுக்குப் பேய்தான் பத்திரிகை எழுதியிருக்கு லா.”

உமையாள் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சுவரில் இருந்த பல்லியைக் கவனிக்கத் தொடங்கினான்.

“அந்தப் பக்கத்துல ‘என் மீன்கள்’னு ஒரு இடம் வச்சிருக்காரு,” சந்திரகலா தொடர்ந்தாள். “தொட்டிக்கு முன்னால ஒரு குட்டிக் கேமரா. மணிக்கு ஒரு தடவை படம் எடுத்து, கம்ப்யூட்டரே போன் போட்டு அனுப்பிடும். நான் பேங்க்ல உட்கார்ந்து அவர் மீனைப் பார்ப்பேன். எனக்கு அது ஒரு ஆசை. போன மாசத்துல இருந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் இவ வர்றா. மூஞ்சி தெரிஞ்சதுமே நான் மூடிடுவேன்.”

“அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பாங்க?”

“யாரும் இல்ல. அவர் வேலைக்குப் போயிடுவாரு. அத்தை கோயிலுக்குப் போவாங்க. பூட்டின வீடு, ஆன்டி.” கைக்குட்டை மறுபடி வாய்க்குப் போனது. “நான் அவர்கிட்ட சொன்னேன். அவரும் ஒரு தடவை பார்த்தாரு. ‘எங்க அக்கா’ன்னாரு. அவ்வளவுதான். அவங்க அக்கா செத்துப் பல வருஷமாச்சு.”

பக்கிரி பல்லியை விட்டுவிட்டான்.

“இந்தப் படத்தை அச்செடுத்தது யாரு?”

“ஈப்போவுல எங்க அண்ணன் சபாபதி. எங்களுக்கு அப்பா அம்மா இல்ல, அவர்தான் எல்லாம். அவர் வீட்டு லைன் ரொம்ப ஸ்லோ. படம் மேல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். முதல்ல தலை, அப்புறம் மூஞ்சி. இடுப்பு வர்றதுக்குள்ள லைன் அறுந்துடும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். கால் இல்லாத பொம்பளை குடியிருக்கிற வீட்டுக்கு உன்னை அனுப்ப மாட்டேன்னுட்டாரு. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல பந்தக்கால் ஊனறாங்க. அதுக்குள்ள அது என்னன்னு தெரியணும். இல்லைன்னா கல்யாணம் இல்ல.”

“அண்ணன் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?”

சந்திரகலா தாளைப் பார்க்காமல் விரலால் தள்ளிவிட்டாள்.

“எனக்கு வாசு வேணும், ஆன்டி. ஆனா அந்த வீட்டுல நான் எப்படி லைட்டை அணைச்சுட்டுப் படுப்பேன்?”

*

சுபாங் ஜெயாவில் அது ஒரு மூலை வீடு. வாசலில் மழை பெய்துகொண்டிருந்தது. வாசு கதவைத் திறந்தான். ஒல்லியான உருவம், இரண்டு நாள் தாடி. அம்மா வள்ளியம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருப்பதாகச் சொன்னான்.

அவன் அறை முழுவதும் தண்ணீர் முணுமுணுத்தது. ஒரு சுவரோரமாக ஆள் படுக்கும் நீளத்துக்குத் தொட்டி. சன்னல் பலகையில் வரிசையாக ஜாம் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சண்டை மீன். போத்தல்களுக்கு இடையே அட்டை செருகியிருந்தான். அட்டையை எடுத்தால் ஒன்றையொன்று பார்த்துச் செவுளை விரித்துக்கொண்டு முட்டிச் சாகும் என்றான்.

“எங்க வீட்டுலயும் கூட்டுக் குடும்பத்துக்கு இப்படி அட்டை வச்சிருந்தா நல்லாயிருந்திருக்கும், பாஸ்,” என்றான் பக்கிரி. வாசு சிரிக்கவில்லை.

தொட்டிக்கு எதிரே, மேசை மேல் கணினி. அதன் தலையில் உருண்டையாக ஒரு கேமரா, பிடுங்கி வைத்த கண் போல உட்கார்ந்திருந்தது. அதற்குப் பின்னால் மூலையில் ஒரு படம். மாலை போட்ட படம். மஞ்சள் சேலை, அரக்குக் கரை, இடது தோளில் முந்தானை. பக்கிரி தன்னையறியாமல் உமையாளின் பின்னால் போய் நின்றான். தாளில் நின்ற அதே பெண்.

“பவானி அக்கா,” என்றான் வாசு. “அப்ப நாங்க கேரி தீவு எஸ்டேட்ல இருந்தோம். அக்கா கிள்ளான்ல ஒரு பேக்டரியில வேலை பார்த்துக்கிட்டு அங்கயே தங்கியிருந்தாங்க. ஒரு நாள் காய்ச்சல்னு சொல்லி அப்பா போனாரு. பெட்டியிலதான் கொண்டு வந்தாரு. எனக்கு மூஞ்சியை மட்டும் காட்டினாங்க. அக்காவுக்குப் பத்தொன்பது வயசு. கல்யாணம் ஆகாம செத்ததால அம்மா கன்னியா வச்சுக் கும்பிடறாங்க.”

படத்துக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருந்தது. மணமாகாமல் இறந்த பெண்ணை அந்த வீட்டார் கன்னி என்று வைத்து வணங்குவதும், ஆண்டுதோறும் புதுத்துணியும் வளையலும் பூவும் படைப்பதும், படைத்ததைப் பெட்டியில் வைப்பதும் உமையாளுக்குத் தெரிந்த வழக்கம்தான்.

“போன வெள்ளிக்கிழமைப் படம் முழுசா உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு. ஆனா முகத்தைப் பார்த்ததும் மூடிட்டேன். அப்புறம் திறக்கல.” அவன் குரல் தாழ்ந்தது. “எனக்கு அக்காவை ரொம்பப் பிடிக்கும், ஆன்டி. இப்ப அவங்க முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு. அதுதான் எனக்குத் தாங்கல.”

“நீ சன்னல் பக்கம் திரும்பிக்கோ. நான் பார்த்துக்கறேன்.”

அவன் படத்தைத் திறந்து கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். உமையாள் மெதுவாகக் கீழே நகர்த்தினார். முகம். தோள். ஈப்போவில் அறுந்துபோகும் இடுப்பு. கொசுவம். பிறகு பாதம்.

“பக்கிரி, இங்கே வா.”

“தூரத்துல இருந்தே தெரியுது, ஆச்சி.”

“வாடா.”

வந்து எட்டிப் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே நின்றது. பாதங்கள் இருந்தன. பாதங்களில் வெள்ளைக் காலுறை இருந்தது.

“மேலோகத்துல அவ்வளவு குளிரா?” என்றான், சற்றுத் தெம்பு வந்தவனாக.

“பள்ளிக்கூடக் காலுறை. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையைக் கழற்றாமல் சேலை கட்டியிருக்கிறாள். இன்னொன்று பார். அவள் பின்னால் தொங்குகிற நாள்காட்டியில் எண்களெல்லாம் திரும்பியிருக்கின்றன. அவள் தொட்டிக்குள் நிற்கவில்லை. இந்த மேசைக்குப் பக்கத்தில், இதோ நீ நிற்கிற இடத்தில் நிற்கிறாள். தொட்டிக் கண்ணாடியில் விழுந்த பிம்பத்தைத்தான் கேமரா பிடித்திருக்கிறது.”

பக்கிரி அந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்தான்.

“அப்படியானால் முந்தானை?” உமையாள் தன்னிடமே கேட்பது போலக் கேட்டார். “படத்தில் இடது தோளில் இருக்கிறது. கண்ணாடி மாற்றிக் காட்டும். உண்மையில் அவள் வலது தோளில் போட்டிருக்கிறாள். எந்தத் தமிழ்ப் பெண் வலது தோளில் முந்தானை போடுவாள்?”

“சேலை கட்டத் தெரியாதவ.”

“அல்லது மூலையில் இருக்கிற இந்தப் படத்தைப் பார்த்து, கண்ணாடி பார்ப்பது போலக் கட்டிக்கொண்டவள். வாசு, படைத்த துணியை அப்புறம் என்ன செய்வீங்க?”

“வீட்டுல ஒரு பொம்பளைப் பிள்ளை கட்டிக்கணும். அது கட்டிக்கிட்டா கன்னி கட்டிக்கிட்ட மாதிரி.” சன்னலைப் பார்த்தபடியே சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. “ஆனா எங்க வீட்டுலதான் பொம்பளைப் பிள்ளையே இல்லையே.”

உமையாள் தகரப் பெட்டியைத் திறந்தார். அம்மாவைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று வாசு முனகினான். இத்தனை ஆண்டுகள் படைத்ததில் ஒரு துணிகூட அதில் இல்லை. பவானியின் மஞ்சள் சேலை மட்டும் மடித்திருந்தது. அதன் மேல் அரக்கு நிறத்தில் ஒரு புது ரவிக்கை, மஸ்ஜித் இந்தியா தெருவில் ஒரு ஜவுளிக் கடையின் பையில்.

*

“வள்ளியம்மாவா? தெரியாம என்ன,” என்றார் கடைக்காரர் நைனா முகமது. கடைக்கு வெளியே ஒருவன் மைக் பிடித்துச் சேலை ஏலம் போட்டுக்கொண்டிருந்ததால் எல்லாரும் கத்திப் பேச வேண்டியிருந்தது. “வருஷா வருஷம் எங்கிட்டதான் வாங்குவாங்க. சாமிக்கு.”

“நாங்க அவங்க சொந்தம்,” என்றான் பக்கிரி. “அதே மாதிரி நாங்களும் படைக்கணும், பாய். என்ன அளவு வாங்குவாங்க?”

“எந்த வருஷத்துக்கு?”

“ஏன், வருஷத்துக்கு வருஷம் மாறுமா?”

நைனா முகமது அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

“மாறாம? முதல் தடவை தொட்டில் பிள்ளைக்குப் போடற சட்டை கேட்டாங்க. அடுத்த வருஷம் கொஞ்சம் பெருசு. அப்புறம் பட்டுப் பாவாடை, அதுவும் வருஷம் ஒரு சாண் கூட. நான் முஸ்லிம், எனக்கு என்ன தெரியும்? உங்க சாமி அப்படித்தான் வளரும் போலன்னு நினைச்சேன்.”

உமையாள் கைப்பையைத் தரையில் வைத்தார்.

“பத்தொன்பது வயசில் செத்தவளுக்குத் தொட்டில் சட்டை,” என்றார் மெல்ல. மைக் சத்தத்தில் அது பக்கிரிக்கு மட்டும்தான் கேட்டது.

“இந்த வருஷம் என்ன வாங்கினாங்க, பாய்?”

“ரவிக்கை. ரெடிமேட். வாங்கிட்டுப் போய் அடுத்த வாரமே மாத்த வந்தாங்க. கை இறுக்குதாம்.”

“யாருக்கு?” என்றான் பக்கிரி.

“சாமிக்குத்தான்.”

தெருவில் இறங்கிய பிறகு பக்கிரி தலையைக் குனிந்தபடி முன்னால் நடந்தான். உமையாள் அவனை எட்டிப் பிடித்தார்.

“என்னடா?”

“பேயாவே இருந்திருக்கலாம், ஆச்சி. பேய்னா பயந்துட்டு மறந்துடலாம்.”

*

வெள்ளிக்கிழமை. சுபாங் ஜெயா ரயில் நிலையத்தின் மேடையில் கூட்டமில்லை. கையில் பூப் பொட்டலத்தோடு ஓர் அம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கிள்ளான் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு என்று வீட்டிலிருந்து கிளம்பியவரைப் பின்தொடர்ந்து வந்த உமையாள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கிரி தூணருகே நின்றுகொண்டான்.

“வள்ளியம்மா, நான் சந்திரகலா அனுப்பின ஆள். உங்க வீட்டில் இப்போ வாசுவும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருக்காங்க. நான்தான் இருக்கச் சொன்னேன். ஆனால் இன்னும் எதுவும் சொல்லவில்லை.”

வள்ளியம்மா திரும்பவில்லை. பூப் பொட்டலம் மட்டும் கையில் நசுங்கியது.

“எப்படித் தெரிஞ்சுது?”

“தொட்டிக்கு எதிரே இருக்கிற கேமராவில் தெரிஞ்சுது.”

“அது மீனைப் பார்க்குதுன்னுதானே சொன்னான்!” அந்த அம்மாள் முகத்தில் அறைந்துகொண்டார். பிறகு குரல் தணிந்தது. “எம் பொண்ணு காய்ச்சல்ல சாகல, தாயீ. பிரசவத்துல செத்துட்டா. பிள்ளைக்கு அப்பன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அவ தங்கியிருந்தது ஒரு சீனக் கோப்பிக் கடை மாடி. கடைக்காரிக்குப் பிள்ளை இல்ல. பிள்ளையை அவகிட்ட விட்டுட்டு, எம் புருஷன் பொணத்தை மட்டும் தூக்கிட்டு வந்தாரு. காய்ச்சல்னு ஊருக்குச் சொன்னாரு. எனக்கும் அதையே சொல்லச் சொன்னாரு.”

“நீங்க கன்னி என்று கும்பிட ஆரம்பிச்சீங்க.”

“பேத்திக்குன்னு ஒரு முழம் துணி வாங்க விட்டிருப்பாரா? சாமிக்குன்னா தடுக்க மாட்டாரு. படைச்சு முடிச்சதும் எடுத்துட்டுக் கிள்ளானுக்கு ஓடுவேன். பிள்ளையைத் தூரத்துல நின்னு பார்த்துட்டு, கடைக்காரிகிட்ட கொடுத்துட்டு வந்துடுவேன். போன வருஷம் அவர் போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் வெள்ளிக்கிழமைல பள்ளிக்கூடம் முடிஞ்சதும் கூட்டிட்டு வரேன். ஆத்தா படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் உட்காரட்டும்னு. போன மாசம் அந்தச் சேலையைக் கட்டிப் பார்க்கணும்னு கேட்டா. நான் அடுப்படியில சோறு எடுத்து வைக்கிற நேரத்துக்குக் கட்டிக்குவா. பேய்னு சந்திரகலா அழுதப்ப இவளைத்தான் பார்த்திருக்காங்கன்னு புரிஞ்சுது, எப்படின்னுதான் புரியல.”

தண்டவாளம் அதிரத் தொடங்கியது. வள்ளியம்மா சட்டென்று உமையாளின் கையைப் பிடித்தார்.

“பேய்னே சொல்லிடு, தாயீ.”

“என்ன?”

“பேய்னா ஒரு பூசாரியைக் கூப்பிட்டுக் கட்டிடலாம். சபாபதி ஒத்துக்குவாரு. கல்யாணம் நடக்கும். மாப்பிள்ளையோட அக்கா புருஷன் இல்லாம பெத்தான்னு தெரிஞ்சா எந்தப் பொண்ணு வீட்டுல பந்தலுக்கு வருவாங்க? எம் பையன் அவ மேல உசிரையே வச்சிருக்கான். எம் பொண்ணைத்தான் காப்பாத்தல. இவனையாவது காப்பாத்து.”

“வள்ளியம்மா, நான் கண்டுபிடிக்கிறவள். இல்லாததைக் கண்டுபிடிச்சதாகச் சொல்ல எனக்கு வராது. ஆனால் உங்க வீட்டு விஷயத்தை நான் வாயால் சொல்ல மாட்டேன். சொல்வதானால் நீங்க சொல்லணும். இந்த ரயிலிலேயே அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பினாலும் நான் தடுக்க மாட்டேன்.”

ரயில் நின்றது. கதவு திறந்து, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் இறங்கினாள். பக்கிரி தூணைப் பிடித்துக்கொண்டான். விளக்கம் எல்லாம் தெரிந்திருந்தும் அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. மாலை போட்ட படத்திலிருந்து கழன்று வந்த முகம், தோளில் புத்தகப் பையோடு வந்துகொண்டிருந்தது.

“பாத்தி!” என்று, பாட்டியைத் தன் நாக்குக்கு வந்தபடி அழைத்து, அவள் கையை ஆட்டினாள்.

“போ,” என்றார் வள்ளியம்மா. “திரும்பிப் போ, கண்ணு. இன்னிக்கு வேணாம். ஏறு, ஏறு.”

பெண் விழித்தாள். “ஏன் பாத்தி? நான் என்ன செஞ்சேன்?”

ஏறு என்று தள்ளப் போன கை, தள்ளாமல் அந்தத் தோளிலேயே நின்றுவிட்டது. பின்னால் கதவு மூடியது. ரயில் போய்விட்டது.

*

அறைக்குள் முதலில் நுழைந்தது வள்ளியம்மா. பிறகு அந்தப் பெண். வாசு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். சந்திரகலா அவன் கையைப் பற்றிக்கொண்டாள். தொட்டிக்குள் மீன்கள் எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கின.

வள்ளியம்மா தரையில் உட்கார்ந்து, மகன் முகத்தைப் பார்க்காமல், தகரப் பெட்டியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். ரயில் நிலையத்தில் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில். தண்ணீர் முணுமுணுத்தது.

“உன் பேர் என்னம்மா?” உமையாள் கேட்டார்.

“சியூ லான்.”

“சேலையை மாற்றிக் கட்டினியே, யாரும் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லையா?”

“சொல்லிக் கொடுத்தாங்க. பாத்தி சொன்னாங்க, இந்தப் பக்கம் போடணும்னு.” இடது தோளைத் தொட்டுக் காட்டினாள். “எனக்குத் தெரியும். ஆனா பாத்தி ரூம்ல கண்ணாடி கெச்சில், ரொம்பச் சின்னது, மூஞ்சி மட்டும்தான் தெரியும். இந்தத் தொட்டியில முழுசா தெரியும். சரியா கட்டினா, இதுல பார்க்கும்போது மாறித் தெரியுது. போட்டோ மாதிரி இல்ல. நான்தான் தெரியறேன்.” சற்று யோசித்து, தமிழைத் தேடிப் பிடித்துச் சொன்னாள். “மாத்திக் கட்டினா, அம்மா வர்றாங்க. அசைஞ்சா போயிடுவாங்க. அதனால அசையாம நிப்பேன்.”

பக்கிரி சன்னல் பக்கம் திரும்பி, சண்டை மீன்களைத் தீவிரமாகப் பார்த்தான்.

துப்பு தவறவில்லை. ஆனால் அதன் பொருளை உமையாள் தவறாகப் படித்திருந்தார். சேலை கட்டத் தெரியாதவள் அல்ல. பேயைக் கூப்பிட்டவள்.

சந்திரகலாதான் முதலில் அசைந்தாள். அவள் நேராக வள்ளியம்மாவிடம் வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அத்தை, ஒரு மாசமா நான் தூங்கல. உங்களுக்கு அது தெரியும். நான் போன் பண்ணி அழுதப்ப, ‘பூசை பண்ணிடலாம்மா’ன்னீங்க. பேய்னு சொன்னா கட்டிக்குவேன், பிள்ளைன்னு சொன்னா ஓடிடுவேன்னு என்னை நினைச்சீங்களா?”

“உன்னை நினைக்கல, தாயீ. உங்க அண்ணனை நினைச்சேன்.”

“நீங்க?” அவள் வாசுவிடம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தலையசைத்தான். தெரியாது. அவன் கண்கள் சியூ லானை விட்டு நகரவில்லை. “மூஞ்சியை மட்டும் காட்டினாங்க,” என்றான், யாரிடமோ. பிறகு அவளருகே போய் நின்றான். “நான் உன் மாமா,” என்றான். அவள் எப்படி நிற்பது என்று தெரியாமல், ஆசிரியர் முன் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“சபாபதி அங்கிளுக்கு என்ன பதில், ஆச்சி?” பக்கிரி தாழ்ந்த குரலில் கேட்டான். “எனக்கு அந்த ஆளைத் தெரியாது. ஆனா இப்பவே பயமா இருக்கு.”

“அது நம்ம வேலை இல்லை.”

வாசு கணினியின் முன் உட்கார்ந்தான். சியூ லானைத் தன் பக்கத்தில் நிற்க வைத்தான். கேமராவைத் தொட்டியிலிருந்து திருப்பினான். திரையில் முதல் தடவையாக அவள் நேராகத் தெரிந்தாள். சீருடையில், கலைந்த தலையோடு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அவன் கல்யாணப் பக்கத்தைத் திறந்தான். மாப்பிள்ளை வீட்டார் என்று எழுதியிருந்த இடத்தில் அப்பா படம், அம்மா படம், அக்கா படம். அக்கா படத்துக்குக் கீழே இந்தப் படத்தை வைத்தான். ‘பவானியின் மகள்’ என்று அடித்தான்.

வள்ளியம்மா பதறி எழுந்தார். “டேய், வேணாம்டா. ஈப்போவுல அவங்க தினம் பார்க்கறாங்கடா. பத்துமலை வரைக்கும் தெரிஞ்சுடும். கல்யாணத்தை நிறுத்திடுவாங்கடா.”

வாசுவின் விரல் நின்றது. அவன் சந்திரகலாவைப் பார்த்தான். அனுப்பினால் அவளை இழக்கலாம். அனுப்பாவிட்டால் அக்கா இன்னொரு தடவை பெட்டிக்குள் போவாள். 

“எங்க அண்ணன் கோபக்காரர்,” என்றாள் சந்திரகலா. “நிறுத்தினாலும் நிறுத்துவாரு.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி. தள்ளுங்க.”

அவள் குனிந்து தானே பொத்தானை அழுத்தினாள். கணினியின் மோடம் தொலைபேசி எண்களைச் சுழற்றியது. பிறகு கீச்சென்று, இரைந்து, கிழிந்த தொண்டையால் எதையோ அழைப்பது போல ஒரு சத்தம். சியூ லான் காதைப் பொத்திக்கொண்டாள். படம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. இணைப்பு அறுந்தது. அறை அமைதியானது.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வள்ளியம்மா கொண்டு வந்த பூவை யாரும் எதற்கும் எடுக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் கழித்து, செய்ய வேறு ஒன்றும் தெரியாமல், பிள்ளைக்குச் சோறு போடப் போனார். பக்கிரி தனக்கும் கிடைக்குமா என்ற பாவனையில் எட்டிப் பார்த்துவிட்டு, உமையாள் முறைத்ததும் உட்கார்ந்தான். சந்திரகலா கூடத்தில் தொலைபேசி இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு, அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அடுப்படியிலிருந்து வந்த சியூ லான் அவளைப் பார்த்துத் தயங்கினாள். தட்டோடு அவளருகே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

மணி அடித்தது.

வாசு அறை வாசலில் வந்து நின்றான். வள்ளியம்மா கையில் கரண்டியோடு நின்றார். சியூ லான் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

“நீ சாப்பிடு,” என்று அவளிடம் சொல்லிவிட்டு, சந்திரகலா ரிசீவரை எடுத்தாள். மறுமுனையில் சபாபதியின் குரல் கூடம் முழுவதும் கேட்டது. யார் அவள், யார் அவள் என்று அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அது மூச்சு வாங்க நிற்கும் வரை அவள் காத்திருந்தாள்.

“பேய் இல்லண்ணே,” என்றாள். “என் நாத்தனார் மக. பக்கத்துலதான் உட்கார்ந்து சாப்பிடறா.”